பாரிஸ் வழியாக

1831 ஜூலை. வியன்னாவை விட்டுக் கிளம்ப ஓர் இளைஞனுக்குக் கடவுச்சீட்டு தேவைப்பட்டது. வயது 21. பியானோ வாசிப்பவன். சொந்த ஊர் வார்சா. வார்சாவுக்கு ராஜா ரஷ்யாவின் ஜார் சக்கரவர்த்தி. அந்த ஜாருக்கு எதிராக வார்சாவில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. முந்தைய ஆண்டுதான் தன் ராஜாவை விரட்டியிருந்த பாரிசுக்குப் போக வேண்டும் என்று ஒரு வார்சாக்காரன் கேட்டால் ரஷ்யத் தூதரகம் லேசில் சம்மதிக்காது. லண்டனுக்குப் போவதாகக் கேள் என்று விவரம் தெரிந்தவர்கள் யோசனை சொன்னார்கள். அப்படியே கேட்டான். கிடைத்த சீட்டில் இருந்த வாசகம்: பாரிஸ் வழியாக லண்டனுக்கு.

அந்த வழி பதினெட்டு ஆண்டுகள் நீண்டது. லண்டனை அவர் பிறகு பார்க்கத்தான் செய்தார். ஆனால் குடியிருந்தது, சம்பாதித்தது, காதலித்தது, இருமி இருமிச் செத்தது எல்லாம் பாரிஸில். ‘நான் இங்கே வழியில் இறங்கியவன்தானே’ என்று பாரிஸ் நண்பர்களிடம் கேலியாகச் சொல்வாராம் பிரெடெரிக் ஷோபான். கேலிதான். ஆனால் அந்த நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான போலந்துக்காரர்களைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. பெட்டியைப் பிரிக்காமலே ஆயுளைக் கழித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய தனிமையின் வேர் அந்தப் பிரிக்காத பெட்டியில் இருந்தது.

அன்றைய வரைபடத்தில் போலந்து என்று ஒரு சுதந்திர நாடு கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. நெப்போலியன் போர்களுக்குப் பிறகு வார்சாவைச் சுற்றி ‘போலந்து ராஜ்யம்’ என்று ஒரு துண்டு விடப்பட்டது. அதற்கும் முடி ஜாருக்கு. ஆகவே வெளியூரில் ‘எந்த நாடு?’ என்று கேட்டால் ஒரு போலந்துக்காரர் சொல்லும் பதில், கேட்பவரின் அட்லஸில் இருக்காது.

ஷோபான் வார்சாவை விட்டது 1830 நவம்பர் 2 அன்று. நகர எல்லையில் வோலா என்ற இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். அவருடைய ஆசிரியர் யூசெப் எல்ஸ்னர் இதற்கென்றே ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். மாணவர்கள் அதைப் பாடி வழியனுப்பினார்கள். வெள்ளிக் கிண்ணத்தில் போலந்து மண்ணை நண்பர்கள் கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அழகான கதை; பின்னால் வந்தவர்கள் கட்டியது என்றே ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். பாட்டு நிஜம். வோலாவும் நிஜம்: பத்து மாதம் கழித்து ரஷ்யப் படை வார்சாவை உடைத்துக்கொண்டு நுழைந்தது அந்த வோலா வழியாகத்தான்.

வியன்னாவில் அவரோடு இருந்தவர் பள்ளித் தோழர் தீத்துஸ். இருவரும் சேர்ந்து ஐரோப்பாவைச் சுற்றுவதாகத் திட்டம். வந்து சேர்ந்த ஒரு வாரத்துக்குள், நவம்பர் 29 இரவு, வார்சாவில் புரட்சி வெடித்தது. செய்தி கிடைத்ததும் தீத்துஸ் போருக்குக் கிளம்பிவிட்டார். ஷோபானைக் கூட வர விடவில்லை. உடம்பு பலவீனம், துப்பாக்கி தூக்கும் ஆள் இல்லை, அம்மா அப்பாவுக்கு இன்னொரு கவலை எதற்கு? எல்லாம் நியாயமான காரணங்கள். நியாயமான காரணத்தால் பின்தங்கியவனுக்கு ஆறுதல் சொல்வதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

இந்த இடத்தில் போலந்து வீடுகளின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவை அவர்கள் ‘விகிலியா’ என்பார்கள். வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும் வரை சாப்பாடு கிடையாது. மேசை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் பரப்புவார்கள். அப்பளம் போல மெல்லிய மாவுத் தகட்டை, ‘ஓப்வாதெக்’ என்று பெயர், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கிள்ளி வாயில் போட்டு வாழ்த்துச் சொல்வார்கள். மேசையில் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். வராதவர் வந்தால் உட்கார. ஆண்டில் ஒரே ஓர் இரவு ஊரில் இருக்கலாம் என்றால் போலந்துக்காரர் கேட்பது இந்த இரவைத்தான்.

1830-இன் விகிலியா இரவில் இருபது வயது ஷோபான் வியன்னாவின் புனித ஸ்டீஃபன் தேவாலயத்துக்குத் தனியாக நடந்தார். பூசைக்கு இன்னும் ஆள் வரவில்லை. இருட்டான ஒரு மூலையில், பெரிய தூண் ஒன்றின் அடியில் போய் நின்றுகொண்டார். வார்சாவிலிருந்த நண்பர் யான் மாத்துஷின்ஸ்கிக்கு அதை எழுதியபோது, பின்னால் ஒரு கல்லறை, காலடியில் ஒரு கல்லறை, தலைக்கு மேல்தான் ஒன்று குறைச்சல் என்கிற பொருளில் எழுதினார். அதே கடிதத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விருந்து வீடுகளில் அமைதியானவன் போல முகத்தை வைத்துக்கொள்கிறேன், அறைக்குத் திரும்பியதும் பியானோவின் மேல் இடி இடிக்கிறேன் என்கிறார். இந்த இரட்டை முகம் அவரை விட்டுக் கடைசி வரை போகவில்லை.

வியன்னாவுக்கு அப்போது அவர் வேண்டியிருக்கவில்லை. நகரம் யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸில் மயங்கிக் கிடந்தது; இங்கே வால்ட்ஸைத்தான் பெரிய படைப்பு என்கிறார்கள் என்று எரிச்சலோடு ஊருக்கு எழுதினார். போலந்துக்காரர்களைப் படைத்தது கடவுள் செய்த பிழை என்று ஒருவர் பேசுவது உணவு விடுதியில் அவர் காதில் விழுந்தது. அன்பாக நடத்தியவர்களும் இருந்தார்கள். பேத்தோவனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் மால்ஃபாத்தி வீட்டில் அவருக்கு எப்போதும் இடம் உண்டு. கலைஞனுக்கு நாடு ஏது, உலகமே அவன் ஊர் என்று டாக்டர் தேற்றப் பார்த்தார். கலைஞன் என்ற கணக்கில் நான் இன்னும் தொட்டில் குழந்தை, போலந்துக்காரன் என்ற கணக்கில் மூன்றாவது பத்தைத் தொட்டுவிட்டேன் என்றார் ஷோபான். சாமர்த்தியமான பதில். பதிலைக் கேட்ட டாக்டர் சிரித்திருப்பார். சொன்னவர் சிரித்திருக்க மாட்டார்.

வார்சா விழுந்தது 1831 செப்டம்பர் 8. பாரிஸுக்குப் போகும் வழியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் அவருக்கு அது தெரியவந்தது. அங்கே தன் குறிப்பேட்டில் அவர் எழுதிய பக்கங்கள் கிழிந்த துணி மாதிரி இருக்கும். வீடு எரிந்ததா, சகோதரிகளுக்கு என்ன ஆனது, அம்மா உயிரோடு இருக்கிறாளா, ஒரு ரஷ்யனைக்கூடக் கொல்லாமல் நான் இங்கே வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறேனே என்று வாக்கியம் முடியாமலே அடுத்தது தொடங்கும். ‘புரட்சி எட்யூட்’ என்று புகழ்பெற்ற பியானோத் துண்டை அங்கேயே கோபத்தில் எழுதினார் என்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. குறிப்பேட்டைப் படித்தவர்களுக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

இலையுதிர் காலத்தில் பாரிஸ் வந்து சேர்ந்தார். பூவாசோனியேர் பெருந்தெரு, 27ஆம் எண், ஐந்தாம் மாடி. மாடத்தில் நின்றால் ஒரு பக்கம் மோன்மார்த்ர் குன்று, இன்னொரு பக்கம் பாந்தேயோன் கோபுரம். என் காட்சியைப் பார்த்துப் பலர் பொறாமைப்படுகிறார்கள், என் படிக்கட்டைப் பார்த்து ஒருவரும் பொறாமைப்படுவதில்லை என்று தீத்துஸுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் தேதி 1831 டிசம்பர் 25. மறுபடியும் கிறிஸ்துமஸ், மறுபடியும் கடிதம். நகரத்தின் ஆடம்பரம், சேறு, கூச்சல், பால்வினை நோய்க்கு மருந்து விற்கும் சுவரொட்டிகள் எல்லாவற்றையும் அதற்கு முந்திய மாதம் வேறொரு நண்பருக்கு வாய் கொள்ளாமல் விவரித்திருந்தார். தீத்துஸுக்கு எழுதிய இந்தக் கடிதத்திலோ, வெளியே கலகலப்பாக இருக்கிறேன், உள்ளே ஏதோ என்னைக் கொல்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்.

அதே கடிதத்தில் ஒரு தெருக்காட்சியும் வருகிறது. போலந்துப் போரில் சண்டையிட்ட ராமோரினோ என்ற இத்தாலியத் தளபதி, ஷோபானின் வீட்டுக்கு எதிரே வந்து தங்கியிருந்தார். மாணவர்களும் இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் திரண்டு போலந்து வாழ்க என்று கத்தினார்கள். குதிரைப்படை வந்து தள்ளியும் இரவு பதினொரு மணி வரை கலையவில்லை. ஐந்தாம் மாடி மாடத்தில் நின்று ஒரு நிஜமான போலந்துக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது கீழே இருந்த யாருக்கும் தெரியாது. தனிமைக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரிந்து இல்லை: தன் நாட்டின் பெயரை ஒரு தெருவே கத்துகிறது, அதைத் தன் மொழியில் பேசிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தோற்ற படையின் அதிகாரிகள், சிப்பாய்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், கவிஞர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் மேற்கே கிளம்பினார்கள். பெரும்பகுதி பிரான்சுக்கு. போலந்து வரலாற்றில் இதற்குப் ‘பெரும் புலம்பெயர்வு’ என்று பெயர். வழியில் ஜெர்மன் ஊர்களில் பூமாலை போட்டு வரவேற்றார்கள். பிரெஞ்சு அரசாங்கமோ 1832-இல் சட்டம் போட்டு, அகதி எங்கே தங்க வேண்டும் என்று தானே முடிவுசெய்தது. அவின்யோன், பெசான்சோன், பூர்ஜ் போன்ற ஊர்களில் அவர்களைத் தொகுதி தொகுதியாக வைத்தது. சிறிய உதவித்தொகை. வேலை இல்லை. பெரும்பாலும் ஆண்கள், போலந்துப் பெண்கள் மிகக் குறைவு. பாரிஸுக்கு வர அனுமதி வாங்குவதே ஒரு போராட்டம்.

வசந்தத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று நினைத்தார்கள். அந்த வசந்தம் வராதபோது அடுத்த வசந்தம் என்றார்கள். ஐரோப்பாவில் எங்காவது ஒரு போர் மூளும், அதில் நமக்கு வழி பிறக்கும் என்பது அவர்கள் கணக்கு. இடைப்பட்ட காலத்தை நிரப்ப, ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள். தோல்விக்கு யார் காரணம், நாளைய போலந்து முடியாட்சியா குடியாட்சியா, குடியானவனுக்கு நிலம் உண்டா இல்லையா? இளவரசர் ஆதாம் சார்த்தோரிஸ்கி பக்கம் ஒரு கூட்டம்; 1832-இல் தொடங்கிய ஜனநாயகச் சங்கத்தில் இன்னொரு கூட்டம். ஓர் அகதிக் கூட்டத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு எல்லா அகதிக் கூட்டங்களும் பழக்கப்பட்டவை போலவே இருக்கும். இல்லாத நாட்டின் மந்திரிசபைக்கு நடக்கும் போட்டிதான் இருப்பதிலேயே கடுமையானது.

இந்தச் சச்சரவின் நடுவே உட்கார்ந்து ஆதாம் மித்ஸ்கியேவிச் 1832-க்கும் 1834-க்கும் இடையில் ‘பான் ததேயுஷ்’ காவியத்தை எழுதினார். போலந்தின் மகாகவி என்று கொண்டாடப்படுபவர். பிறந்தது லித்துவேனியாவின் மண்ணில். வார்சாவைத் தன் வாழ்நாளில் கண்ணால் பார்த்ததில்லை. பாரிஸ் தெருவின் இரைச்சலுக்குச் சன்னலைச் சாத்திவிட்டு அவர் எழுதியது என்ன? காட்டில் காளான் பொறுக்குவது. காலையில் காப்பி போடும் பக்குவம். வேட்டைக்குப் பிறகு முட்டைக்கோசும் இறைச்சியும் சேர்த்துக் கொதிக்க வைக்கும் ‘பிகோஸ்’ குழம்பின் வாசனை. பன்னிரண்டு பாகமும் செய்யுள். ஒரு தேசத்தின் காவியத்தில் சமையலறை இவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்றால், எழுதியவர் எவ்வளவு தூரத்தில் இருந்து எழுதினார் என்பதை அளந்துவிடலாம். மித்ஸ்கியேவிச் ஊர் திரும்பவே இல்லை. 1855-இல் கான்ஸ்டான்டினோபிளில் இறந்தார்.

இன்னொரு பெரிய கவிஞர் யூலியுஷ் ஸ்வோவாட்ஸ்கி. மித்ஸ்கியேவிச்சோடு ஒத்துப்போகாதவர், கூட்டம் சேர்க்கத் தெரியாதவர். அம்மா சலோமேயாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் போலிஷ் உரைநடையின் செல்வங்களில் ஒன்று. ஏறத்தாழ 18 ஆண்டுகள் பிரிந்திருந்த தாயும் மகனும் 1848 கோடையில் விரோத்ஸ்வாஃப் நகரத்தில் சில நாட்கள் சந்தித்தார்கள். அடுத்த ஏப்ரலில் மகன் பாரிஸில் செத்துப்போனார்.

ஷோபான் இவர்களில் பலரைப் போலப் பட்டினி கிடக்கவில்லை. 1832 பிப்ரவரி 26 அன்று பிளேயெல் பியானோக் கம்பெனியின் அரங்கில் முதல் கச்சேரி. அடுத்த ஆண்டுக்குள் பெரிய வீட்டுப் பெண்களெல்லாம் அவரிடம் பாடம் கேட்க வந்தார்கள். பாடத்துக்கு 20 பிராங்க். இன்று ஐந்து பாடம் இருக்கிறது, பணக்காரனாகிவிடுவேன் என்று நினைக்காதே, வண்டிச் செலவும் வெள்ளைக் கையுறையும் அதைவிட அதிகம் என்று 1833-இல் பால்ய நண்பர் ஒருவருக்கு எழுதினார். ரோத்ஷில்ட் வீடு, தூதர்கள் வீடு என்று மாலைதோறும் அழைப்பு. ஆனால் மனம் விட்டுப் பேச அவருக்கு போலிஷ் காது வேண்டும். பிரெஞ்சில் எழுதுவதென்றால் தயக்கம். வீட்டில் கூடவே வைத்துக்கொள்ள அவர் விரும்பியது ஊர்க்காரர்களைத்தான். 1834-இல் மாத்துஷின்ஸ்கி, அந்தக் கல்லறைக் கடிதத்தைப் பெற்றவர், டாக்டராகப் பாரிஸ் வந்தபோது இருவரும் ஒரே வீட்டில் குடியேறினார்கள். எட்டு ஆண்டு கழித்து மாத்துஷின்ஸ்கி காசநோயில் இறந்தார்.

ஷோபானின் ஏக்கம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. மசூர்கா என்பது வார்சாவைச் சுற்றிய மசோவியா நாட்டுப்புறத்தின் ஆட்டம். நம் கணக்கில் திஸ்ரம்: மூன்று எண்ணிக்கை. ஆனால் கிராமத்துக் காலடிக்கு ஏற்ப ஓர் எண்ணிக்கை சற்றே நீளும், எங்கே நீளும் என்பது ஆட்டக்காரரின் மூச்சைப் பொறுத்தது. ஷோபான் அதை வாசித்தபோது சார்ல்ஸ் ஹாலே என்ற பியானோக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துவிட்டு, நீங்கள் வாசிப்பது மூன்று அல்ல, நான்கு என்றார். ஷோபான் முதலில் மறுத்தார். ஹாலே உரக்க எண்ணிக் காட்டியதும் சிரித்துவிட்டு, அது எங்கள் நாட்டு ஆட்டத்தின் சுபாவம் என்றார். ஓபரா மேதை மேயர்பேர் வந்து, இது இரண்டு எண்ணிக்கை என்று அடம்பிடித்தபோது மட்டும் சிரிக்கவில்லை. குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவர் முகம் சிவக்கக் கத்தினார் என்று அன்று கூட இருந்த மாணவர் லென்ஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு நான்கு. மூன்று என்று கேட்க வார்சாக்காரனின் காது வேண்டியிருந்தது.

இரண்டாவது சாட்சி ஃபிரான்ஸ் லிஸ்ட். உங்கள் இசையில் இருப்பது என்ன என்று ஒரு சீமாட்டி கேட்டதற்கு, ஷோபான் ‘ஜால்’ என்ற போலிஷ் சொல்லைச் சொன்னார் என்கிறார். துக்கம், மனத்தாங்கல், போனதற்காக ஏங்குவது, யார் மேலோ ஒரு வன்மம் எல்லாம் அந்த ஓரசைக்குள் இருக்கின்றன. லிஸ்ட் மிகைப்படுத்தக் கூசாதவர்தான். இருந்தாலும் இந்த இடத்தில் அவரை நம்பத் தோன்றுகிறது.

ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். ஷோபான் ரஷ்யத் தூதரகத்தில் கடவுச்சீட்டைப் புதுப்பிக்காமல் விட்டார். அதோடு அவரும் அகதி. 1835-இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், வைத்தியத்துக்காகக் கார்ல்ஸ்பாட் வெந்நீர் ஊற்றுக்கு வந்த பெற்றோரை அங்கே போய்ப் பார்த்தார். சில வாரங்கள், அவ்வளவுதான், பிறகு பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு மரியா வோஜின்ஸ்கா என்ற போலந்துப் பெண்ணை மணக்கக் கேட்டார். முதலில் சம்மதம், பிறகு மெல்ல மெல்ல மௌனம். அந்தக் குடும்பத்தின் கடிதங்களைக் கட்டி மேலே ‘என் கஷ்டம்’ என்று போலிஷில் எழுதி வைத்திருந்தது அவர் இறந்த பிறகு கிடைத்தது. மனைவி மட்டுமா கைவிட்டுப் போனது? விகிலியா மேசைக்கு வழியும் அதோடு போனது.

வார்சாவிலிருந்து அவருக்கு வந்த கடிதங்களில் ஒரு விசித்திரம் உண்டு. அம்மாவும் சகோதரிகளும் போலிஷில் எழுதுவார்கள். அப்பா பிரெஞ்சில் எழுதுவார். அப்பா நிக்கொலா பிறவியில் பிரெஞ்சுக்காரர். லொரேன் பகுதியில் மாரென்வில் என்ற கிராமத்துப் பையன். 1787-இல் பதினாறு வயதில் போலந்துக்குப் பிழைக்கப் போனவர். புகையிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதினார், 1794 எழுச்சியில் வார்சாவின் காவல் படையில் சேர்ந்தார், பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக் காலூன்றினார், போலந்துப் பெண்ணைக் கட்டினார், திரும்பிப் போகவே இல்லை. பெட்டியைப் பிரித்து வைத்த மனிதர். அவர் 1844 மே மாதம் வார்சாவில் இறந்தபோது மகனால் போக முடியவில்லை. அக்கா லுத்விகா அந்தக் கோடையில் பிரான்ஸுக்கு வந்து தம்பியைத் தேற்றினார்.

1849-இல் தம்பி கெஞ்சி எழுத, லுத்விகா மறுபடி வந்தார். அக்டோபர் 17 அதிகாலையில் உயிர் பிரிந்தது. உடல் பேர் லாஷேஸ் கல்லறையில். இதயத்தை மதுசாரம் நிரப்பிய சாடியில் வைத்து, எல்லைக் காவலர் கண்ணில் படாமல் லுத்விகா வார்சாவுக்குக் கொண்டுபோனார். வார்சாவின் திருச்சிலுவை ஆலயத் தூணில் அது இன்றும் இருக்கிறது.

திரும்ப முடியாதவர்கள் பாரிஸிலேயே ஊரின் துண்டுகளைக் கட்டத் தொடங்கினார்கள். 1838-இல் போலிஷ் நூலகம். பின்னாளில் அது சேன் நதி நடுவிலுள்ள சேன்லூயி தீவின் கரைக்குக் குடிபோனது, இன்றும் அங்கேதான். 1842-இல் அகதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி, பின்னர் அது பத்தினியோல் பகுதிக்கு மாறியது. 1843-இல் சார்த்தோரிஸ்கி அதே தீவில் லாம்பேர் மாளிகையை வாங்கினார். ஆண்டுதோறும் அங்கே நடந்த நடன விருந்தின் வசூல் ஏழை அகதிகளுக்கு. நகருக்கு வெளியே மோன்மொரன்சியில், கல்லறையும்கூட.

ஷோபான் வந்து அறுபது ஆண்டுகள் கழித்து, 1891 இலையுதிர் காலத்தில், வார்சாவிலிருந்து இன்னோர் இளம் உயிர் பாரிஸில் ரயிலை விட்டு இறங்கியது. மரியா ஸ்க்வோதோவ்ஸ்கா, 24-ஐ நெருங்கும் வயது. பிற்காலத்தில் மேரி கியூரி. ஜார் ஆட்சியின் வார்சா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காது. அக்கா புரோனியா பாரிஸில் மருத்துவம் படிக்க, தங்கை பல ஆண்டுகள் கிராமத்துச் சீமான் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பணம் அனுப்பினாள். இப்போது தங்கையின் முறை. படுக்கையையும் போர்வையையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, ஜெர்மனிக்குள் நான்காம் வகுப்பில், இருக்கையே இல்லாத பெட்டியில், கொண்டுவந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வந்தாள்.

முதலில் அக்கா வீடு. அத்தான் காசிமீர் தமாஷ் பேர்வழி. சமோவாரில் தேநீர் கொதிக்கும், பியானோ ஒலிக்கும், ஊர்க்காரர்கள் கூடுவார்கள். அந்த வீட்டில் தனிமை கிடையாது. அதுதான் தொந்தரவு. ஒரு போலந்துக் கொண்டாட்டத்தில் விலங்கை உடைக்கும் போலந்து மாதா வேஷம் மரியாவுக்குக் கிடைத்தது. பெருமையோடு ஊருக்கு எழுதினாள். அப்பா பயந்துபோனார். பாரிஸில் போலந்துக்காரர்கள் கூடும் இடத்தில் ரஷ்ய ஒற்றர்களும் இருப்பார்கள், நீ திரும்பி வந்து இங்கே வேலை பார்க்க வேண்டியவள், ஒதுங்கி இரு என்று பதில் எழுதினார்.

ஒதுங்கினாள். 1892 மார்ச்சில் லத்தீன் குவார்ட்டருக்குக் குடிபோனாள். ஃபிளாத்தேர் தெருவில் ஆறாம் மாடியில் கூரை அறை. மாதம் நூறு பிராங்குக்குள் எல்லாம். கரியை வாளியில் தானே சுமந்து ஏற வேண்டும். குளிர்காலத்தில் முகம் கழுவும் தொட்டியில் தண்ணீர் உறைந்துவிடும். இருக்கிற துணியையெல்லாம் போர்வை மேல் குவித்து அதற்கடியில் தூங்குவாள். முள்ளங்கியும் செர்ரிப் பழமும் மட்டும் சாப்பிட்டு ஒருநாள் மயங்கி விழுந்தபோது அத்தான் வந்து இழுத்துக்கொண்டுபோய் இறைச்சி வறுத்துக் கொடுத்தார். பிற்காலத்தில் அந்த அறையைப் பற்றி அவர் சோகமாக எழுதவில்லை. சுதந்திரமாக இருந்த காலம் என்றே நினைவுகூர்ந்தார். ஷோபானுக்குக் கிடைக்காத ஒன்று அவருக்கு இருந்தது: கோடை வந்தால் ரயிலேறி ஊருக்குப் போகலாம்.

1893-இல் இயற்பியல் பட்டத்தில் முதலிடம். அலெக்ஸாண்ட்ரோவிச் உதவித்தொகை 600 ரூபிள் கைகொடுத்தது. பிறகு சம்பாதித்து அதைத் திருப்பிக் கட்டினார். 1894-இல் கணிதத்தில் இரண்டாமிடம். அந்த வசந்தத்தில் பாரிஸுக்கு வந்திருந்த ஒரு போலந்துப் பேராசிரியர் மூலம் பியேர் கியூரி அறிமுகமானார். கோடையில் மரியா ஊருக்குப் புறப்பட்டார். வந்த வேலை முடிந்தது. அப்பாவோடு இருந்து, நாட்டில் ஆசிரியராக வேண்டும் என்பதுதான் முதலிலிருந்தே எண்ணம். பாரிஸ் அவருக்கும் வழியில் இருந்த ஊர்தான்.

பியேர் கடிதம் மேல் கடிதம் போட்டார். திரும்பி வராவிட்டால் நானே போலந்துக்கு வந்துவிடுகிறேன், அங்கே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லும் அளவுக்குப் போனார். நூறு ஆண்டுக்கு முன் மாரென்வில் கிராமத்துப் பையன் ஒருவன் வார்சாவில் அதே தொழிலில்தான் பிழைத்தான் என்பது பியேருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த அவசியம் வரவில்லை. அக்டோபரில் மரியா திரும்பினார். 1895 ஜூலை 26 அன்று கல்யாணம்.

மூன்று ஆண்டு கழித்து, 1898 ஜூலையில், பிச்பிளெண்ட் என்ற கனிமத்தில் புதிய தனிமம் ஒன்று இருப்பதாக இருவரும் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். இது உறுதியானால், எங்களில் ஒருவரின் தாய்நாட்டை ஒட்டி பொலோனியம் என்று பெயரிட விரும்புகிறோம் என்று அதில் இருந்தது. மரியா அதே கட்டுரையின் பிரதியை வார்சாவுக்கும் அனுப்பினார். ‘ஷ்வியாத்வோ’ என்ற புகைப்படக்கலை மாத இதழில், ஏறத்தாழ அதே சமயத்தில், அது போலிஷில் வெளிவந்தது.